வேணும்னே தள்ளிவிட்டானா?

மதுரை கே.கே. நகரில் பகல் பன்னிரண்டு மணிக்கு பிளே ஸ்கூல் வாசல்களில் ஸ்கூட்டர்கள் நெருக்கியடித்து நிற்கும். வீட்டின் தரைத்தளத்தையே பள்ளியாக்கிய கட்டடங்கள். சுவரில் கார்ட்டூன் பொம்மைகள், கேட்டில் பூட்டு. உள்ளிருந்து ஆயாம்மா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, வாட்டர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டி, பிள்ளையை ஒப்படைப்பார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஸ்நாக்ஸ் சாப்ட்டியா?" அடுத்த கேள்வி, "இன்னைக்கு யாரும் அடிச்சாங்களா?"

அடித்தார்கள் என்று பிள்ளை சொல்லிவிட்டால் தீர்ப்பு அங்கேயே வந்துவிடும். "நீ என்ன செஞ்ச? சும்மாவா வந்த? திருப்பி ஒண்ணு போட்டுட்டு வர வேண்டியதுதானே!" மாவட்ட நீதிமன்றம் பக்கத்திலேயே இருக்கிற பகுதி என்பதால் இந்தச் சட்டம் இங்கே கொஞ்சம் வேகமாக அமலாகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். உண்மையில் இது தமிழ்நாடு முழுக்க உள்ள சட்டம்தான். இதன் எதிர்ப்பக்கமும் உண்டு: அடித்த பிள்ளையின் அம்மாவை மிஸ் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் வீட்ல சொல்லி வைங்க, ரொம்ப முரட்டுத்தனமா இருக்கான்" என்பார். மூன்று வயதில் ஒருவனுக்கு முரடன் என்ற பெயர் விழுந்துவிடும்.

இந்த இரண்டு அம்மாக்களுக்கும் சேர்த்துச் சொல்ல அறிவியலிடம் ஒரு செய்தி இருக்கிறது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ரிச்சர்ட் ட்ராம்ப்ளே என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் அடிதடியை அளந்துவந்தார். அவருடைய குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு கியூபெக் மாநிலத்தின் 572 குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. பிள்ளைக்கு ஒன்றரை வயது, இரண்டரை வயது, மூன்றரை வயது ஆகும்போதெல்லாம் தாயிடம் கேட்டார்கள்: அடிக்கிறதா, கடிக்கிறதா, உதைக்கிறதா, பொருளைப் பிடுங்குகிறதா? நூற்றுக்கு 28 குழந்தைகள் அடிதடி பக்கம் அதிகம் போகவே இல்லை. 58 பேரிடம் அது மிதமாகக் கூடிக்கொண்டு வந்தது. 14 பேரிடம் அதிகமாகவே இருந்து, மேலும் ஏறியது. இதையும் பெரிய பிள்ளைகள் பற்றிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கிற படம் நாம் நினைப்பதற்கு நேர் எதிரானது. கையால் அடிக்கும் பழக்கம் மனித வாழ்வில் உச்சத்தில் இருப்பது இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில்தான். பள்ளிக்குப் போகப் போகப் பெரும்பாலானவர்களிடம் அது இறங்கிவிடுகிறது. இறங்காமல் நிற்கும் சிறுபான்மைதான் பிற்காலத்தில் சிக்கலாகிறது.

கெட்ட சேர்க்கையாலும் சினிமாவாலும் பிள்ளை அடிக்கக் கற்றுக்கொள்கிறது என்பது நம் ஊர் நம்பிக்கை. ட்ராம்ப்ளே கேள்வியையே திருப்பிப் போட்டார். அடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது கையோடு வருகிறது. அடிக்காமல் இருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கான காலமும் அங்கன்வாடிக்கும் பிளே ஸ்கூலுக்கும் போகும் காலமும் ஒன்றாக இருக்கின்றன. பன்னிரண்டு மணிக் கேட்டில் நடக்கும் வழக்குகளெல்லாம் அந்த வயதுக்கு இயல்பானவை. கவனிக்க வேண்டியது, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அது குறைந்ததா என்பதை.

குறைய வேண்டுமானால் குழந்தைக்குள் சில காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது பேச்சு. "எனக்குத் தா", "நான் முதல்ல", "போதும், விடு" என்று சொல்லத் தெரியாத வாய்க்குப் பதிலாகக் கை பேசுகிறது. பேச்சு தாமதமான பிள்ளைகளிடம் அடிதடி அதிகம் காணப்படுவது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இரண்டாவது, மூளையின் முன்பகுதி. ஆசையும் கோபமும் பிறந்த நாள் முதலே முழு வேகத்தில் ஓடுகிற வண்டி என்றால், அதன் பிரேக்கைப் பொருத்தும் வேலை மூன்று வயதில் அப்போதுதான் ஆரம்பமாகிறது, இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. இவை இரண்டும் ஓரளவு தெரிந்தவை. மூன்றாவது காரியம் அவ்வளவாகப் பேசப்படாதது. என் பார்வையில் முக்கியமானது அதுதான்.

1983-இல் ஹைன்ஸ் விம்மர், ஜோசஃப் பெர்னர் என்ற இருவர் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் ஒரு அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை எடுத்து வேறு அலமாரியில் வைத்துவிடுகிறாள். மாக்ஸி திரும்பி வந்து எங்கே தேடுவான்? நமக்கு இது ஒரு கேள்வியே இல்லை, பழைய இடத்தில்தான் தேடுவான். மூன்று வயதுக் குழந்தை தயங்காமல் புதிய அலமாரியைக் காட்டும். சாக்லேட் அங்கேதானே இருக்கிறது! தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது அதன் தலைக்குள் இன்னும் வரவில்லை. நான்கிலிருந்து ஐந்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் இந்தக் கோட்டைக் கடந்துவிடுகின்றன. இதே போன்ற சோதனையைக் கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் செய்து 2005-இல் வெளியிட்டார்கள். வளர்ப்பு முறை அத்தனை வேறாக இருந்தும் கடக்கும் வயது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இப்போது பிளே ஸ்கூல் அறைக்குள் வாருங்கள். ஒரு பிள்ளை மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறது. இன்னொன்று பின்னால் நடக்கும்போது கால் பட்டு, கோபுரம் சரிகிறது. மூன்று வயதுக்காரனுக்குத் தெரிவது ஒன்றுதான்: என் கோபுரம் போச்சு, அருகில் இவன் நிற்கிறான். ஒரு போடு! "தெரியாம பட்டுருச்சுடா" என்று மிஸ் எவ்வளவு சொன்னாலும், தெரியாமல் படுவது என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. "வேணும்னே தள்ளிவிட்டான்" என்பதற்கும் "தெரியாம இடிச்சுட்டான்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்கக் கற்பதுதான் இந்த வயதின் பெரிய பாடம்.

எல்லாக் குழந்தைகளும் இதை ஒரே மாதிரி படிப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980 முதல் காட்டிவந்தது இது: அதிகம் சண்டை போடும் பிள்ளைகள், வேண்டுமென்றே செய்ததா தற்செயலா என்று தெளிவில்லாத இடங்களில் "வேணும்னேதான்" என்ற முடிவுக்குச் சட்டென்று போகின்றனர். மற்ற பிள்ளைகளுக்குச் சந்தேகம் எழும் இடத்தில் இவர்களுக்குத் தீர்ப்பு எழுகிறது. 1990-இல் டாட்ஜும் நண்பர்களும் நான்கு வயதுப் பிள்ளைகள் 309 பேரை ஆராய்ந்தார்கள். வீட்டில் உடம்பில் காயம்படும் அளவுக்கு அடி வாங்கிய பிள்ளைகள், பின்னால் பள்ளியில் அதிகம் சண்டை போட்டனர். இடையில் நடந்தது என்ன என்று தேடியபோது, பிறர் செயலில் கெட்ட எண்ணத்தைக் காணும் இந்தப் பழக்கம் அங்கே நின்றது. அடி வாங்கிய பிள்ளை அடிப்பதை மட்டும் படித்துக்கொள்வதில்லை, உலகம் தன்னை அடிக்கக் காத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் வீட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. குழந்தை ஓடிவந்து தரையில் விழுந்து அழுகிறது. அம்மாச்சி ஓடிவந்து தூக்குகிறார், நல்லது. அடுத்து என்ன செய்கிறார்? "யாரு, இந்தத் தரையா என் தங்கத்த அடிச்சுச்சு? இந்தா வாங்கிக்க!" என்று தரையை இரண்டு போடு போடுகிறார். குழந்தையும் கண்ணீரோடு ஒரு போடு போட்டுச் சிரிக்கிறது. மேசை, கதவு, நாற்காலி எல்லாமே இப்படி அடி வாங்கும். இந்த வழக்கத்தை யாரும் சோதனைச் சாலையில் அளந்ததாக நான் சொல்லவரவில்லை, இது என் ஊகம். ஆனாலும் பாருங்கள்: எண்ணமே இல்லாத தரைக்கு ஒரு கெட்ட எண்ணத்தைக் கொடுத்து, அதற்குத் தண்டனையும் கொடுத்துக் காட்டுகிறோம். வலித்தால் யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள், வலி தீர வழி திருப்பி அடிப்பது. டாட்ஜ் சொன்ன பிழையை அன்போடு மடியில் வைத்துச் சொல்லித்தருகிறோம். "வேகமா ஓடுனியா, கால் வழுக்கிருச்சு, எங்க வலிக்குது காட்டு" என்றால் அழுகை அதே நேரத்தில்தான் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. மனத்தைப் படிக்கத் தெரிந்தால் பிள்ளை நல்லவனாகிவிடுவான் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், கூட்டம் சேர்த்து மற்றவர்களை வதைக்கும் தலைவர்கள் பிறர் மனத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். படிக்கும் திறனோடு, நல்ல எண்ணமாகவும் இருக்கலாம் என்று முதலில் எடுத்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டும். அது வீட்டுப் பேச்சிலிருந்து வருவது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நம் வாசலில் நிறுத்திவிட்டால் நாம் என்ன சொல்கிறோம் என்பதைப் பின்சீட்டில் இருப்பவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பெரியவர்கள் அடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆதாரம் பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்கிறது. எலிசபெத் கெர்ஷாஃப் 2016-இல் 1,60,927 குழந்தைகள் அடங்கிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். அடி வாங்கும் பிள்ளைகளிடம் அடங்காமை, அடிதடி, மனநலச் சிக்கல் ஆகியவை கூடுதலாகவே இருந்தன. "ஊர்ல எல்லாரும்தான் அடி வாங்கி வளர்ந்தோம்" என்ற நம் பதிலுக்கும் ஒரு ஆய்வு உண்டு. ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்ட் குழு 2005-இல் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பார்த்தது. அடிப்பது வழக்கமான நாடுகளில் அதன் கெடுதல் சற்றுக் குறைவு என்பது சரிதான், ஆனால் அங்கேயும் அடி வாங்கும் பிள்ளைகளிடம் சண்டையும் பதற்றமும் அதிகமாகவே இருந்தன. ஊரோடு சேர்ந்து அடித்தால் விளைவு குறைகிறது, மறைவதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிரம்படியை அனுமதித்த விதி 2003-இல் நீக்கப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009 அதை நாடு முழுக்கத் தடை செய்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கு 6 வயதில் தொடங்குகிறது. அடிதடி உச்சத்தில் இருக்கும் 3 வயதுக்காரன் அதன் வேலிக்கு வெளியே நிற்கிறான்.

ஆல்பர்ட் பாண்டுராவின் காற்றடைத்த பொம்மைச் சோதனையும் இங்கே வரும். 1961-இல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளிப் பிள்ளைகள் 72 பேர். பெரியவர் ஒருவர் பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதேபோல அடித்தார்கள். பலரும் அறிந்த கதை இது. அதிகம் பேசப்படாதது 1965-இல் அவர் செய்த அடுத்த கட்டம். அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தனர். "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் அதே பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே அதைச் செய்து காட்டினர். பார்த்தது உள்ளே போய்விட்டது, வெளியே வர இடம் பார்த்துக் காத்திருக்கிறது. ட்ராம்ப்ளே சொன்னதோடு இது முரண்படவில்லை. அடிக்கும் உந்துதல் பிறவியில் வருகிறது, எப்படி, யாரை, எதற்காக அடிக்கலாம் என்ற விவரம் நம்மிடமிருந்து போகிறது.

சரி, அடித்த நொடியில் மிஸ் என்ன செய்ய வேண்டும்?

வழக்கமாக நடப்பது இது. ஒருவன் கிள்ளுகிறான், ஒருத்தி அலறுகிறாள். மிஸ் பாய்ந்து வந்து கிள்ளியவன் கையைப் பிடித்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, ஐந்து நிமிடம் வைகிறார். இருபது பிள்ளைகளும் அவனையே பார்க்கின்றனர். கிள்ளப்பட்டவள் மூலையில் தனியே விசும்புகிறாள். கிள்ளியவன் பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையிலிருந்து யாரும் தன்னைப் பார்க்கவில்லை. ஒரு கிள்ளு, முழு வகுப்பும் மிஸ்ஸும் அவன் கையில். வசவாக இருந்தாலும் கவனம் கவனம்தான்.

1965-இல் பால் பிரவுனும் ரோஜர்ஸ் எலியட்டும் இந்தக் கணக்கைச் சோதித்தார்கள். ஒரு மழலையர் பள்ளியின் மூன்று, நான்கு வயதுப் பையன்கள் 27 பேர். ஆபத்து இல்லாத அடிதடியைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள், சேர்ந்து விளையாடும்போது, விட்டுக்கொடுக்கும்போது, கேட்டு வாங்கும்போது உடனே பக்கத்தில் போய்ப் பேசுங்கள் என்று ஆசிரியைகளிடம் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் கை நீட்டுவதும் வாயால் வைவதும் குறைந்தன. 1973-இல் எல்சி பிங்க்ஸ்டன் குழு, மூன்றரை வயதுப் பையன் ஒருவனிடம் இதையே இன்னும் கூர்மையாகச் செய்தது. அவன் யாரையாவது தாக்கினால் ஆசிரியை அவன் பக்கம் திரும்பாமல், அடி வாங்கிய பிள்ளையிடம் நேராகப் போய்விடுவார். அணைப்பு, ஆறுதல், புது விளையாட்டுச் சாமான் எல்லாம் அந்தப் பிள்ளைக்கு. தாக்குதல்கள் குறைந்தன.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், அறமும் உத்தியும் இங்கே ஒரே திசையில் போகின்றன. வலிப்பவரிடம் முதலில் போ என்பதை எந்த அம்மாச்சியும் ஒப்புக்கொள்வார். அது அடித்தவனையும் திருத்துகிறது என்பது கூடுதல். மற்ற பதினெட்டுப் பேர் என்ன கற்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்: ஒருவருக்கு வலித்தால் மிஸ் எங்கே போகிறார் என்று அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ரத்தம் வரும்படி கடிப்பதை, நாற்காலியைத் தூக்குவதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அப்போது நடுவில் புக வேண்டும். பேச்சு குறைவாக, குரல் தாழ்வாக.

அடுத்து வருவது "ஸாரி சொல்லு". கே.கே. நகர் பிளே ஸ்கூல்களில் ஒரு நாளைக்கு அதிகம் உச்சரிக்கப்படும் சொல் அதுவாகத்தான் இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஸ்மித் 2018-இல் நான்கு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார். தானாகச் சொன்ன மன்னிப்பும், பெரியவர் கிளறிவிட்டு மனமுவந்து சொன்ன மன்னிப்பும் வலித்த பிள்ளைக்கு ஆறுதல் தரும் என்றார்கள். வேண்டாவெறுப்பாகக் கட்டாயத்தில் சொன்னதை ஏழு வயதுப் பிள்ளைகளே நம்பவில்லை. இன்னொரு ஆய்வில், கட்டிய கோபுரத்தை ஒருவர் தட்டிவிடுகிறார். சொல்லால் மன்னிப்புக் கேட்டதைவிட, கூட உட்கார்ந்து மறுபடி கட்ட உதவியதுதான் பிள்ளைகளின் மனத்தை ஆற்றியது. எனவே "ஸாரி சொல்லு" என்பதைவிட "வா, ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுவோம்" என்பது மேல். கட்டும்போதே மிஸ் சொல்லலாம்: "பாரு, அவ முகம் எப்படி இருக்கு? அழுது முடிச்சாளா?" வேணும்னேவா தெரியாமலா என்ற பாடம் இப்படிக் கட்டை அடுக்கும்போதுதான் நடக்கிறது.

மதுரையிலிருந்து பார்த்தால் மேற்கே மலை. பிள்ளைகள் சேர்ந்து வாழக் கற்பதைப் பற்றி யோசித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, அங்கே கொடைக்கானலில் 1942 முதல் 1944 வரை தங்கியிருந்தார். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்தவர் அவர். போரில் இத்தாலி எதிரணிக்குப் போனதால் ஆங்கில அரசு அவர் மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுவித்தது. கொடைக்கானலில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து அவர் நடத்திய சிறு பள்ளி அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு விதை. அவரது புகழ்பெற்ற 'தி அப்சார்பென்ட் மைண்ட்' நூலும் 1949-இல் அடையாறில்தான் முதலில் அச்சானது.

அந்த நூலில் பிள்ளைகளின் கூட்டு வாழ்க்கை பற்றிப் பேசும் இடத்தில் அவர் சொல்கிற சின்ன ஏற்பாடு ஒன்று இன்றைய பெற்றோரைத் திடுக்கிட வைக்கும். வகுப்பறையில் ஒவ்வொரு சாமானும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒருவன் எடுத்திருந்தால், இன்னொருவன் அவன் திரும்ப வைக்கும்வரை பொறுக்க வேண்டும். நாமோ சண்டை வரக் கூடாதென்று ஒரே மாதிரி இருபது பந்து வாங்கிக் கொடுக்கிறோம். சண்டை வராது, பொறுமையும் வராது. இந்த முறை பலன் தருகிறதா என்று 2006-இல் ஏஞ்சலின் லில்லார்டு பார்த்தார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மாண்டிசோரி பள்ளிக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார். பெற்றோர் எல்லாரும் விண்ணப்பித்தவர்கள், அதிர்ஷ்டம் மட்டுமே வேறுபாடு. ஐந்து வயது மாண்டிசோரிப் பிள்ளைகளிடம் மைதானத்தில் கூடிச் சேர்ந்து விளையாடுவது அதிகமாகவும், விளையாட்டா சண்டையா என்று தெரியாத முரட்டுத் தள்ளுமுள்ளு குறைவாகவும் இருந்தது. சிறிய ஆய்வுதான், நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். பெயரில் மட்டும் மாண்டிசோரி என்று போர்டு வைத்திருக்கும் இடங்களுக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூங்கா ஊஞ்சலும் ஒன்றே ஒன்று இருக்கும் சாமான்தான். மாலை ஆறு மணிக்கு முன்னால் ஏழு பிள்ளைகள், பின்னால் ஏழு அம்மாக்கள். பல அம்மாக்கள் தாங்களே வரிசையை நடத்துகிறார்கள். "பத்து எண்ணுனதும் இறங்கணும், அக்கா எண்ணட்டும்" என்று ஒரு பெரிய பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றால் வேறொரு பாடம் நடக்கும். அக்கா வேகமாக எண்ணிவிடுவாள். சண்டை வரும். ஆனால் அது எண்ணிக்கையைப் பற்றிய சண்டை, வாயால் போடும் சண்டை. மூன்று வயதுக்காரனுக்கு அது பெரிய முன்னேற்றம்.

பிரேக்கைப் பழக்கும் விளையாட்டுகளும் நம் தெருவில் எப்போதும் இருந்தவைதான். ஓடிக்கொண்டிருக்கும்போது "ஸ்டேச்சு" என்றதும் கல்லாய் உறைவது, ஐஸ்-வாட்டரில் தொட்டதும் நிற்பது, கண்ணாமூச்சியில் சிரிப்பை அடக்கி மறைவது. ஒரேகானில் ஷானா டோமினியும் மேகன் மெக்லெலண்டும் இதே வகை விளையாட்டுகளை எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை ஆட வைத்து 2011-இல் எழுதினார்கள். மெதுவான பாட்டுக்கு மெதுவாக ஆடு, நின்றால் உறை, பிறகு விதியைத் திருப்பு: மெதுவான பாட்டுக்கு வேகமாக ஆடு. தொடக்கத்தில் தன்னை அடக்குவதில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு இதனால் நன்மை தெரிந்தது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்த ஆய்வைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அருகிலேயே எழுத்துப் பயிற்சி நோட்டோடு மூன்று வயதுப் பிள்ளையை ஒரு மணி நேரம் உட்கார வைக்கும் தனியார் எல்.கே.ஜி.க்களுக்குச் சொல்லலாம்.

இவ்வளவும் மிஸ், அம்மா, ஆயாம்மா கையில் இருப்பவை. அவர்கள் கையில் இல்லாத ஒன்றுக்கு மொரீஷியஸ் தீவு வரை போக வேண்டும். அங்கே குவாத்ர் போர்ன், வாக்வா என்ற இரண்டு ஊர்களில் 1969, 70-இல் பிறந்த 1,795 குழந்தைகளைப் பின்தொடரும் திட்டம் தொடங்கியது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளியினர். மூன்று வயதில் அவர்களில் 100 பேரைத் தனிச் சிறப்பு மழலையர் பள்ளிகளில் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் நல்ல சாப்பாடு, பால், மீன், தினமும் ஓட்டமும் விளையாட்டும். ஒரு ஆசிரியைக்குச் சராசரியாக ஐந்தாறு பிள்ளைகள். ஊரிலிருந்த வழக்கமான பள்ளிகளில் ஒருவருக்கு முப்பது. ஏட்ரியன் ரெய்ன் குழு 2003-இல் வெளியிட்ட முடிவுப்படி, 17 வயதில் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளிடம் முரட்டு நடத்தை குறைவு. 23 வயதில் தாங்களே ஒப்புக்கொண்ட குற்றச் செயல்கள், மற்றவர்களில் நூற்றுக்கு 36 பேரிடம், இவர்களில் 24 பேரிடம். நீதிமன்றப் பதிவுகளிலும் சாய்வு அதே பக்கம்தான், ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை. நெஞ்சில் தங்குவது இன்னொன்று: மூன்று வயதில் ஊட்டச்சத்து குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் 17 வயதில் நன்மை அதிகம் தெரிந்தது. சாப்பாடா, ஓட்டமா, ஆசிரியை எண்ணிக்கையா, எது வேலை செய்தது என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் பசித்த பிள்ளை அடிக்கும் என்பது எந்த ஆயாம்மாவுக்கும் தெரியும். கே.கே. நகரிலிருந்து மேலூர் தாண்டிப் போனால் கொட்டாம்பட்டி. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் முதல் அடி எடுத்து வைத்த ஒன்றியம் அது. சின்னக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்குச் சத்துணவு கொடுத்தார்கள். 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. இன்று அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் முட்டை. மொரீஷியஸ் கணக்கில் முதல் பாதியை நாம் எப்போதோ போட்டுவிட்டோம்.

இரண்டாம் பாதி, ஆசிரியைக் கணக்கு. ஒரு அங்கன்வாடிப் பணியாளர் பதிவேடு எழுத வேண்டும், செயலியில் பதிய வேண்டும், தடுப்பூசி முகாமுக்கு ஆள் சேர்க்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளோடு உட்கார மிச்சமிருக்கும் நேரம் எவ்வளவு? கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டு அரசோடு சேர்ந்து 320 அங்கன்வாடிகளில் ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கலில் தேர்ந்த மையங்களுக்குப் பாதி நேர உதவியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள், அவர் வேலை முன்பருவக் கல்வி மட்டும். பிள்ளைகளுக்குக் கிடைத்த கற்பித்தல் நேரம் இரண்டு மடங்கானது. கணக்கும் மொழியும் மேம்பட்டன. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. அடிதடியை அளக்க நடந்த ஆய்வு அன்று இது. ஆனால் அடி வாங்கிய பிள்ளையிடம் முதலில் போக வேண்டுமானால், போவதற்கு ஒருவர் அறையில் இருக்க வேண்டும் அல்லவா?

எந்தக் கட்டத்தில் கவலைப்படுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கரை, ஐந்து வயதிலும் அடிதடி குறையாமல் கூடிக்கொண்டே போனால், பேச்சு வயதுக்குத் தகுந்தபடி இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், இருந்த திறன் திடீரென்று போனால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால். முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். பல "முரடர்களுக்கு" பாதிச் சொல் காதில் விழுவதே இல்லை. குழந்தை நல மருத்துவரிடம் தொடங்கலாம். அரசு மருத்துவமனையிலும் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் பிரிவு உண்டு. மனநலம் என்றதும் தயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 1992 முதல் மனநலப் பணி செய்யும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இதே கே.கே. நகரில்தான் இருக்கிறது. அந்த வாசலில் ஏறுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

அடுத்த ஏப்ரலில் மறுபடி அட்மிஷன் தொடங்கும். ஏசி இருக்கிறதா, கேமரா இருக்கிறதா, ஃபோனிக்ஸ் உண்டா, அபாகஸ் உண்டா என்று கேட்பார்கள். 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை மூன்று முதல் ஆறு வயதில் 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்கிறது, மூன்று வயதுக்குக் கீழே 10 பேருக்கு ஒருவர். இரண்டரை வயதில் சேர்க்கிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டுப் பாருங்கள். கேட்டபின், ஒரு அரை மணி நேரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். அதற்குள் எப்படியும் ஒருவன் ஒருத்தியைக் கிள்ளுவான். மிஸ் யாரிடம் முதலில் போகிறார் என்று பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.